கார் வைப்பர் பிளேடு சீக்கிரம் வீணாகாமல் இருக்க: புதிதாகக் கார் ஓட்டுபவர்களுக்கு

கார் வாங்கிய முதல் வருடம் வைப்பரைப் பற்றி நான் ஒரு நாளும் யோசித்ததில்லை. மழை வந்தால் லீவரைத் தட்ட வேண்டும், அது துடைக்கும், அவ்வளவுதான் என்று இருந்தேன். அந்த நவம்பரில் ஒரு இரவு குடும்பத்தோடு திருச்சியிலிருந்து சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். விழுப்புரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. வைப்பரைப் போட்டால், சரியாக என் கண் மட்டத்தில் பிறை வடிவத்தில் ஒரு பட்டை துடைபடாமலே நின்றது. எதிர்ச் சாலையில் வரும் ஒவ்வொரு லாரியின் வெளிச்சமும் அந்தப் பட்டையில் பட்டுக் கண்ணாடி முழுக்க வெள்ளையாகப் பரவியது. சாலை ஓரத்துக் கோடுகூடத் தெரியவில்லை. திண்டிவனத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கி, மழை விடும்வரை ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மறுநாள் அவசரமாக பிளேடு வாங்கினேன். அளவு தவறு. அதை மாற்றி வாங்கி நானே மாட்டப்போய், முன் கண்ணாடியில் விரிசல் விட்டது. அப்புறம் இன்சூரன்ஸ், ஃபாஸ்டேக் என்று இரண்டு வாரம் அலைச்சல். இவ்வளவும் சில நூறு ரூபாய் ரப்பரைக் கவனிக்காததால் வந்தது. அதற்குப் பிறகு கற்றுக்கொண்டதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் வைப்பர் ரப்பரைக் கெடுப்பது மழை இல்லை. மழை பெய்யாத எட்டு, ஒன்பது மாதத்தில்தான் அது வீணாகிறது. வெயிலும் புற ஊதாக் கதிரும் ரப்பரை இறுக வைக்கின்றன. கண்ணாடியில் படியும் தூசி உப்புத்தாள் போல அதன் விளிம்பை அரிக்கிறது. மழை வரும்போது நாம் போடுவது ஏற்கெனவே செத்துப்போன ரப்பர். அதனால் கீழே உள்ளவற்றில் பாதிக்கு மேல் வெயில் காலத்தில் செய்ய வேண்டியவை.

1. இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று பாருங்கள்

கண்ணாடியில் தண்ணீர் ஊற்றி நனைத்துவிட்டு வைப்பரை ஐந்தாறு தடவை ஓட விடுங்கள். உள்ளே டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பாருங்கள். வெளியே நின்று பார்த்தால் பல கோடுகள் தெரியாது.

மெல்லிய கோடு கோடாகத் தண்ணீர் நின்றால் ரப்பர் விளிம்பில் மண் ஒட்டியிருக்கிறது, அல்லது விளிம்பு கிழிந்திருக்கிறது. துடைத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். அகலமான பட்டை ஒன்று துடைபடாமல் நின்றால் பிளேடு வளைந்திருக்கிறது, இல்லாவிட்டால் பிளேடைத் தாங்கும் இரும்புக் கையான ஆர்மில் உள்ள ஸ்பிரிங்கின் அழுத்தம் குறைந்திருக்கிறது. புகை படிந்தது போல மங்கலாக இழுத்தால் பெரும்பாலும் கண்ணாடியில்தான் குற்றம். எண்ணெய்ப் படலம் படிந்திருக்கும். பிளேடு தத்தித் தத்திப் போனால் கண்ணாடியில் மெழுகோ பாலிஷோ இருக்கலாம், அல்லது ரப்பர் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே இறுகியிருக்கலாம்.

இந்தச் சாய்வைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வைப்பர் ஒவ்வொரு கோடியிலும் திரும்பும்போது அந்த மெல்லிய ரப்பர் நாக்கு மறுபக்கமாகப் புரண்டு படுக்க வேண்டும். நல்ல பிளேடில் அது புரளும் சத்தம் மெதுவாகக் கேட்கும். வண்டி மாதக் கணக்கில் வெயிலில் நின்றிருந்தால் நாக்கு ஒரே பக்கமாகச் சாய்ந்து அப்படியே இறுகிவிடும். போகும்போது சுத்தமாகத் துடைக்கும், திரும்பும்போது தத்தும். இப்படியாகிவிட்ட ரப்பரை மீட்க முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

கடைசியாக ஆர்மைத் தூக்கி, விரல் நுனியால் ரப்பர் விளிம்பை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை தடவிப் பாருங்கள். வழவழவென்று ஒரே சீராக இருக்க வேண்டும். சொரசொரப்போ, பல் பல்லாக வெட்டோ, மடக்கினால் வெடிப்போ தெரிந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது. அதற்கு மேல் என்ன பராமரித்தாலும் பயனில்லை. நேராக 8-ஆவது படிக்குப் போய்விடுங்கள்.

2. பிளேடுக்கு முன்னால் கண்ணாடியைச் சுத்தம் செய்யுங்கள்

பலரும் தவறவிடுவது இதைத்தான். நானும் இரண்டு ஜோடி பிளேடை வீணாக்கிய பிறகுதான் புரிந்துகொண்டேன். கண்ணாடி சொரசொரப்பாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ரப்பரும் சில மாதத்தில் போய்விடும்.

கண்ணாடியை நன்றாகக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்றை விரல்களில் மாட்டிக்கொண்டு மெதுவாகத் தடவிப் பாருங்கள். வெறும் கைக்குத் தெரியாத பொடிப்பொடியான துகள்கள் பை வழியாகத் தெரியும். கழுவிய பிறகும் என் கண்ணாடி மணல் ஒட்டிய அப்பளம் மாதிரி இருந்தது. லாரிப் புகை, தார்த் துளி, மரப்பிசின், போர் தண்ணீரின் உப்பு எல்லாம் சேர்ந்து இப்படிப் படிகின்றன.

இதை எடுக்க கிளே பார் என்று களிமண் மாதிரி ஒரு கட்டி விற்கிறார்கள். கண்ணாடியில் ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, அந்தக் கட்டியைத் தட்டையாக்கி, அழுத்தாமல் முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். முதலில் தடுக்கும், கொஞ்ச நேரத்தில் வழுக்கிக்கொண்டு போகும். அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். முழுக் கண்ணாடிக்கும் அரை மணி நேரம் ஆகும். கட்டி கீழே விழுந்துவிட்டால் மறுபடி எடுத்துத் தேய்க்காதீர்கள், மண் ஒட்டியிருக்கும். அதன் பிறகு கிளாஸ் கிளீனர் தெளித்து, சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்தால் எண்ணெய்ப் படலமும் போய்விடும்.

கிளே பார் வேலையை வருடத்துக்கு இரண்டு தடவை செய்தால் போதும். வாராவாரம் செய்ய வேண்டியது சாதாரணக் கழுவல்தான். அப்படிக் கழுவும்போது கண்ணாடிக்குக் கீழே, பானெட்டை ஒட்டியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் சல்லடையையும் பாருங்கள். வேப்பிலையும் புங்கம்பூவும் அங்கேதான் சேரும். வைப்பரைப் போட்டதும் அந்தக் குப்பை ரப்பருக்கு அடியில் மாட்டிக்கொண்டு கண்ணாடியில் இழுபடும். சல்லடைக்குக் கீழே தண்ணீர் வடியும் வழியும் அடைந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை: வண்டிக்கு வாக்ஸ் பாலிஷ் போடுபவர்கள் அதே துணியால் முன் கண்ணாடியையும் ஒரு இழுப்பு இழுத்துவிடுவார்கள். மறுநாளே வைப்பர் தத்த ஆரம்பிக்கும். முன் கண்ணாடியைத் தொட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

3. ரப்பரைத் துடைக்கும் முறை

இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போதும். மண் சாலையிலோ கட்டட வேலை நடக்கும் இடத்திலோ தினமும் ஓட்டுபவர்கள் வாரம் ஒரு முறை செய்யுங்கள். ஈரத் துணியை இரு விரலில் மடித்துப் பிடித்து, ரப்பர் விளிம்பை நீளவாக்கில் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெதுவாக இழுங்கள். துணியில் கறுப்பாக வரும். இரண்டு இழுப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

துணி வெள்ளையாகும்வரை துடைக்க வேண்டும் என்று நினைத்து நான் பத்துப் பதினைந்து தடவை இழுத்திருக்கிறேன். அது தவறு. பல பிளேடுகளில் ரப்பர் மேல் கிராஃபைட் பூச்சு உண்டு. கண்ணாடியில் உராய்வு குறைவதற்காகவே அதைப் பூசியிருக்கிறார்கள். அழுத்தித் தேய்க்கத் தேய்க்க அதைத்தான் நாம் உரித்து எடுக்கிறோம்.

வெறும் தண்ணீரோ ஒரு துளி கார் ஷாம்பு கலந்த தண்ணீரோ போதும். பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், டயர் பாலிஷ் எதையும் ரப்பரில் போடாதீர்கள். எண்ணெய் தடவினால் மிருதுவாகும் என்று ஒர்க்‌ஷாப்பிலேயே சொல்வார்கள். இரண்டு நாள் மிருதுவாகத்தான் தெரியும். அப்புறம் ரப்பர் உப்பி வடிவம் கெட்டுப்போகும், அந்த எண்ணெய் கண்ணாடியில் ஏறி இரவில் பார்வையை மறைக்கும். உப்புத்தாளால் விளிம்பைச் சீவிவிட்டால் புதிதாகிவிடும் என்று காட்டும் வீடியோக்களையும் நம்பாதீர்கள். அந்த விளிம்பு நேர்கோடாக, கூர்மையாக வெட்டப்பட்டது. கையால் சீவி அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

4. காய்ந்த கண்ணாடியில் வைப்பரை ஓட்டவே கூடாது

வேறு எதையும் செய்யாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

காலையில் வண்டியை எடுக்கும்போது கண்ணாடியில் தூசி படிந்திருக்கும். கை தானாக வைப்பர் லீவருக்குப் போகும். அந்த ஒரு இழுப்பில் தூசி மொத்தமும் ரப்பருக்கு அடியில் மாட்டி, கண்ணாடியையும் கீறி, ரப்பரையும் அரித்துவிடும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கதவு அறையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து ஊற்றி மண்ணைக் கீழே வடியவிட்டு, அப்புறம் துணியால் துடையுங்கள். ஓடும்போது அழுக்குப் பட்டால் லீவரை உங்கள் பக்கம் இழுத்து வாஷர் தண்ணீரை நன்றாகப் பீய்ச்சிய பிறகே துடைக்க விடுங்கள்.

நெடுஞ்சாலையில் இரவில் ஓட்டினால் பூச்சிகள் அடித்துக் கண்ணாடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும். வைப்பரால் அதைச் சுரண்டப் பார்க்காதீர்கள். வண்டியை நிறுத்தி, நனைத்த செய்தித்தாளை அந்த இடத்தில் ஐந்து நிமிடம் ஒட்டி வைத்தால் ஊறி வந்துவிடும். காக்கை எச்சத்துக்கும் இதேதான்.

தூறலின்போது வைப்பரைத் தொடர்ந்து ஓடவிடாமல், விட்டு விட்டு ஓடும் நிலையில் வையுங்கள். பாதி காய்ந்த கண்ணாடியில் கீச்சென்று சத்தம் வந்தால் ரப்பர் தேய்கிறது என்று அர்த்தம். வண்டியை அணைக்கும் முன் வைப்பரை அணைத்துவிட்டு, அது கீழே படுத்த பிறகு சாவியைத் திருப்புங்கள். மறந்தால் மறுநாள் காலை சாவி போட்டதும் காய்ந்த கண்ணாடியில் அது ஓட ஆரம்பிக்கும். மழை பட்டதும் வைப்பரைத் தானாக ஓட்டும் சென்சார் உள்ள வண்டி என்றால், வாட்டர் வாஷுக்கு விடும்போது வைப்பரின் ஆட்டோ நிலையை அணைத்துவிட்டுக் கொடுங்கள்.

5. வாஷர் டேங்கில் என்ன ஊற்றுவது

போர் தண்ணீரை ஊற்றாதீர்கள். சென்னையின் பல பகுதிகளில் வருவது உப்புத் தண்ணீர். அது காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டாகப் படியும், பீய்ச்சும் ஓட்டையும் அடைத்துப்போகும். ஆர்.ஓ. தண்ணீரோ பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோ ஊற்றலாம். அதில் வாஷர் திரவத்தையோ மாத்திரையையோ, பாக்கெட்டில் சொன்ன அளவுக்குக் கலந்துகொள்ளுங்கள். துணி துவைக்கும் பவுடரும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் வேண்டாம். நுரை காய்ந்து படலமாகிவிடும்.

ஓட்டை அடைத்திருந்தால் மெல்லிய ஊசியால் குத்திவிடலாம். தண்ணீர் கண்ணாடியின் நடுப்பகுதிக்குச் சற்று மேலே விழ வேண்டும். டேங்க் காலியாக இருக்கும்போது லீவரை இழுத்துப் பிடித்துக்கொண்டே இருந்தால் பம்ப் வீணாகும்.

6. வெயிலில் நிறுத்தும்போது

ஏப்ரல், மே மாதங்களில் கண்ணாடியில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ரப்பர் மணிக்கணக்கில் அழுந்திக் கிடக்கிறது. நிழல் கிடைத்தால் நிழலில் நிறுத்துங்கள். ஆனால் புங்கமரம் மாதிரி பிசுபிசுப்பு சொட்டும் மரத்தடியைத் தவிர்த்துவிடுங்கள். அந்தப் பிசுக்கு காய்ந்தால் துடைக்க முடியாது.

வெயிலில்தான் நிறுத்த வேண்டும் என்றால், கண்ணாடிக்கு வெளிப்பக்கம் போடும் சன்ஷேடு வாங்கி, வைப்பரையும் சேர்த்து மூடுங்கள். உள்ளே வைக்கும் சன்ஷேடு டேஷ்போர்டைக் காப்பாற்றும், வைப்பருக்கு உதவாது. சன்ஷேடு இல்லையென்றால் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்தாலும் போதும். திரும்ப வண்டியை எடுக்கும்போது அதை நீக்கிவிட்டு வைப்பரைப் போடுங்கள்; துண்டு மாட்டிக்கொண்டால் மோட்டாரோ ஃபியூஸோ போய்விடும்.

வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போவதைப் பல இடங்களில் பார்க்கிறோம். ரப்பர் சூடான கண்ணாடியில் படாது என்பது உண்மைதான். ஆனால் வெயில் நேராகவே அதன் மேல் விழும், ஆர்ம் ஸ்பிரிங் இழுபட்டபடியே நிற்கும், காற்றோ தெருப் பிள்ளைகளின் பந்தோ தட்டினால் ஆர்ம் கண்ணாடியில் வந்து அறையும். தினமும் ஆபீஸ் வாசலில் தூக்கி வைப்பது வேண்டாம் என்பதே என் முடிவு. ஊருக்குப் போய் வாரக்கணக்கில் வண்டி நிற்கப்போகிறது, அதுவும் மூடிய ஷெட்டில் என்றால் தூக்கி வைக்கலாம். அப்போதுதான் ரப்பர் நாக்கு ஒரு பக்கமாகப் படுத்து இறுகாது.

சில வண்டிகளில் வைப்பர் பானெட்டுக்கு அடியில் பாதி மறைந்திருக்கும். அதை இருந்த இடத்திலேயே தூக்கினால் பானெட்டில் இடித்து பெயின்ட் உதிரும். இத்தகைய வண்டிகளில் வைப்பரை மேலே கொண்டுவந்து நிறுத்த ஒரு வழி இருக்கும். பல மாடல்களில் சாவியை அணைத்த உடனே லீவரைத் தட்டினால் நடுவில் வந்து நிற்கும். உங்கள் வண்டிக்கு எப்படி என்று உரிமையாளர் கையேட்டில் பாருங்கள்.

7. வண்டி கழுவுபவரிடம் பேசுங்கள்

எங்கள் குடியிருப்பில் தினமும் காலை ஒருவர் வந்து வண்டிகளைத் துடைப்பார். ஒரே வாளித் தண்ணீர், ஒரே பனியன் வேஸ்ட் துணி. சக்கரத்தையும் அதிலேயே துடைப்பார், கண்ணாடியையும் அதிலேயே துடைப்பார். சக்கரத்தில் இருந்த மணல் என் கண்ணாடிக்கு எப்படி வந்தது என்று அன்றுதான் தெரிந்தது. புதுத் துணி இரண்டு வாங்கிக் கொடுத்து, “அண்ணே, இது கண்ணாடிக்கு மட்டும். வைப்பரைத் தூக்கினா மெதுவா கீழ வைங்க, விட்டுடாதீங்க” என்றேன். “இதுவரைக்கும் யாரும் சொல்லல சார், சொன்னா செய்யப் போறேன்” என்றார். அன்றிலிருந்து அப்படியே செய்கிறார். துணிக்கு ஆன செலவு நூறு ரூபாய்கூட இல்லை.

8. புதிது வாங்கும்போது

முதலில் அளவு. இரண்டு பக்கமும் ஒரே நீளம் என்று நினைத்துத்தான் நான் ஏமாந்தேன். பெரும்பாலான கார்களில் டிரைவர் பக்கம் நீளமாகவும் இடப் பக்கம் குட்டையாகவும் இருக்கும். என் வண்டிக்கு வேண்டியது 21 அங்குலமும் 18 அங்குலமும். கடைக்காரர் இரண்டும் 22 என்று கொடுத்தார். மாட்டி ஓடவிட்டதும் நடுவில் ஒன்றை ஒன்று தட்டிக்கொண்டன. கையேட்டில் பாருங்கள், அல்லது பழைய பிளேடின் ரப்பரை டேப்பால் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். சரியான அளவு கிடைக்கவில்லை என்றால் அரை அங்குலம் குறைந்தாலும் சமாளிக்கலாம்; கூடக் கூடாது. பெட்டியில் மில்லிமீட்டரில் போட்டிருந்தால் ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர்.

அடுத்து ஆர்மின் முனை. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களில் தூண்டில் மாதிரி வளைந்த கொக்கி இருக்கும். சில வண்டிகளில் பக்கவாட்டில் செருகுவது, பட்டனை அழுத்திக் கழற்றுவது என்று வேறு வகைகள். செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு போனால் கடையில் பேச்சே வேண்டாம்.

வகை என்று பார்த்தால் முக்கியமாக இரண்டு. இரும்புச் சட்டம் வைத்த பழைய வகை, சட்டமில்லாத தட்டை வகை. சட்டம் வைத்ததில் விலை குறைவு, ஆனால் மூட்டுகளில் மண் புகுந்து இறுகிவிடும், துருவும் பிடிக்கும். தட்டை வகை கண்ணாடியின் வளைவுக்கு ஏற்பப் படியும், வேகமாகப் போகும்போதும் காற்றில் எழும்பாது. என் வண்டிக்குச் சட்ட வகை ஒன்று 200 முதல் 350 ரூபாய், தட்டை வகை ஒன்று 400 முதல் 700 ரூபாய் வரை கேட்டார்கள். நெடுஞ்சாலையில் அதிகம் போகிறவர்கள் தட்டை வகைக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவர்களுக்குச் சட்ட வகையே தாராளம். அதில் ரப்பரை மட்டும் மாற்றிக்கொள்ளவும் முடியும், நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ரப்பரை உருவும்போது கூடவே வரும் இரண்டு மெல்லிய இரும்புப் பட்டைகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புது ரப்பரில் அதே வளைவோடு அவற்றைச் செருக வேண்டும்.

தயாரித்த மாதமும் வருடமும் கட்டாயம் பாருங்கள். பொட்டலத்தில் அதையும் எம்.ஆர்.பி.யையும் அச்சிட வேண்டும் என்பது சட்டம். ரப்பர் கடை அலமாரியில் கிடந்தாலும் மூப்படையும். ஒரு வருடத்துக்கு மேல் பழையது என்றால் வாங்காதீர்கள், தள்ளுபடி கொடுத்தாலும் வேண்டாம். இதே காரணத்தால் இரண்டு மூன்று ஜோடி வாங்கிச் சேர்த்து வைப்பதும் வீண். சென்னையில் இருப்பவர்கள் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்குப் போனால் கைக்கெட்டிய தூரத்தில் நாலு கடையில் விலை கேட்கலாம். பில் வாங்கி, மாட்டிப் பார்க்கும்வரை பெட்டியோடு வைத்திருங்கள். பெட்டி இல்லாததால் என் 22 அங்குல ஜோடியை மாற்றித் தரக் கடைக்காரர் மிகவும் தயங்கினார்.

9. மாட்டும்போது கண்ணாடியை உடைத்துவிடாதீர்கள்

பிளேடைக் கழற்றியதும் ஆர்ம் வெறும் இரும்புக் கொக்கியாக நிற்கும். ஸ்பிரிங் அதைக் கண்ணாடியை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கும். புது பிளேடை எடுக்க நான் ஒரு நொடி திரும்பினேன். டப்பென்று ஒரு சத்தம். கண்ணாடியில் மிளகு அளவுக்கு ஒரு குழி, அதிலிருந்து நகம் நீளத்துக்கு ஒரு கோடு. இரண்டு நாள் கழித்து வெயிலில் நின்ற வண்டியில் ஏசி போட்டதும் அந்தக் கோடு முழங்கை நீளத்துக்கு ஓடிவிட்டது.

அதனால் ஆர்மைத் தூக்கும் முன் கண்ணாடியில் தடிமனான துண்டை நாலாக மடித்துப் போடுங்கள். ஒரு பக்கம் முடித்து, ஆர்மைக் கையால் பிடித்து மெதுவாக இறக்கிவிட்டு, அதன் பிறகு அடுத்த பக்கம். கொக்கி வகையில் நடுவிலுள்ள சிறு நாக்கை அழுத்திக்கொண்டு பிளேடைக் கீழே தள்ளினால் கழன்றுவரும். புதியதை மேல்நோக்கி இழுக்கும்போது ‘கிளிக்’ என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஓட்டத்தில் பறந்துவிடும்.

புது பிளேடின் ரப்பர் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். மாட்டிய பிறகு அதைக் கட்டாயம் உருவி எடுங்கள். உறையோடு ஓட்டிவிட்டு பிளேடு சரியில்லை என்று கடைக்குத் திரும்பி வருபவர்கள் நிறையப் பேர் என்றார் கடைக்காரர். முதல் ஓட்டம் நனைந்த கண்ணாடியில்தான்.

10. கண்ணாடியில் விரிசல் விட்டால்

நாணயத்தை விடச் சிறிய குழி, டிரைவர் பார்வைக்கு நேரே இல்லை என்றால் ரெசின் நிரப்பிச் சரிசெய்பவர்கள் இருக்கிறார்கள். அன்றே அதன் மேல் தெளிவான டேப் ஒட்டி, தூசியும் தண்ணீரும் புகாமல் பாருங்கள். ஏசிக் காற்றைக் கண்ணாடி மேல் அடிக்க விடாதீர்கள். நான் இதைச் செய்யாமல் இரண்டு நாள் விட்டதுதான் தவறு.

கண்ணாடியையே மாற்ற வேண்டும் என்றால், முதலில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் கை வைக்க வேண்டும். மாற்றிய பிறகு சொன்னால் பணம் வராது. மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்திருந்தால் இதற்கு ஒன்றும் கிடைக்காது. ஆர்.சி., ஓட்டுநர் உரிமம், பாலிசி, விரிசலின் படங்கள், கிளெய்ம் படிவம் ஆகியவை தேவைப்படும். கண்ணாடி பழையது என்று சொல்லித் தொகையைக் குறைக்கும் தேய்மானக் கழிவு கிடையாது. ஆனால் 1,500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு 1,000 ரூபாயும், அதற்கு மேல் 2,000 ரூபாயும் நாம் கட்டாயம் ஏற்க வேண்டும். வைப்பர் பிளேடு தேய்ந்ததற்கு இன்சூரன்ஸில் எதுவும் கிடைக்காது.

கிளெய்ம் போடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு நோ கிளெய்ம் போனஸ் என்ற பிரீமியத் தள்ளுபடி 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும். ஒரு கிளெய்ம் போட்டால் அது பூஜ்யத்துக்கு வந்துவிடும், போனஸைக் காக்கும் கூடுதல் பாலிசி எடுத்திருந்தால் ஒழிய. உதாரணமாக, நீங்கள் 35 சதவீதத்தில் இருக்கிறீர்கள், சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் போனஸ் கழிக்கும் முன் 8,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் கிடைக்க வேண்டிய 45 சதவீதம், அதாவது 3,600 ரூபாய், போய்விடும். மறுபடி 45 சதவீதத்துக்கு ஏற கிளெய்ம் இல்லாத நாலு வருடம் ஆகும் என்பதால் அடுத்த வருடங்களிலும் இழப்பு தொடரும். கண்ணாடி ஆறாயிரம் ரூபாய் என்றால் கைக்காசைப் போடுவதே லாபமாக இருக்கலாம். நான் இந்தக் கணக்கைப் போடாமல் கிளெய்ம் செய்துவிட்டேன்.

கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போகும். உரித்து எடுத்து மறுபடி ஒட்ட முடியாது, கிழிந்துவிடும். டேக் கொடுத்த வங்கியில் மாற்று டேக் கேளுங்கள், ஆர்.சி. நகலோடு விண்ணப்பிக்க வேண்டும், சிறு கட்டணம் உண்டு. கண்ணாடி மாற்றப் போவதற்கு முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். டேக் இல்லாமல் போனால் சுங்கச்சாவடியில் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் கண்ணாடியின் உள்பக்கம் ஒட்டியிருக்கும் பதிவெண் ஸ்டிக்கரும் போய்விடும். பெட்ரோலுக்கு வெளிர் நீலம், டீசலுக்கு ஆரஞ்சு நிறத்தில் இருக்குமே, அது. அதையும் புதிதாக வாங்கி ஒட்ட வேண்டும். டாக்ஸி வைத்திருப்பவர்களும் 15 வருடம் முடிந்து பதிவைப் புதுப்பிப்பவர்களும் எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும்போது வைப்பர் வேலை செய்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

11. எந்த மாதத்தில் மாற்றுவது

சர்வீஸுக்கு விடும்போது கேட்காமலே மாற்றிவிடுவார்கள். என் சர்வீஸ் மார்ச் மாதம் வரும். மார்ச்சில் போட்ட புது ரப்பர் அக்னி நட்சத்திரம் முழுக்க வெயிலில் வெந்து, அக்டோபரில் மழை வரும்போது பழசாகியிருக்கும். இப்போது செய்ய வேண்டிய வேலைகளைக் குறிக்கும் ஜாப் கார்டிலேயே “வைப்பர் மாற்ற வேண்டாம்” என்று எழுதச் சொல்லிவிடுகிறேன்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூன்றாவது வாரம் வாக்கில் தொடங்கும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் இருப்பவர்கள் செப்டம்பர் கடைசியில் மாற்றுங்கள். கன்னியாகுமரி, நீலகிரி, கோவையின் மேற்குப் பகுதி என்றால் ஜூனிலேயே தென்மேற்கு மழை வந்துவிடும், மே கடைசியில் மாற்ற வேண்டும். முன்பு ஆறு மாதத்துக்கு ஒரு ஜோடி வாங்கிக்கொண்டிருந்தேன். மேலே சொன்னபடி பார்த்துக்கொண்டதில், ஒரு செப்டம்பரில் போட்ட ஜோடி அடுத்த வருட டிசம்பர் வரை, இரண்டு மழைக்காலம் வந்தது. ஆனாலும் இரண்டாவது செப்டம்பரில் முதல் படியில் சொன்ன சோதனையைச் செய்து, தேறினால் மட்டுமே விட்டு வைத்தேன்.

பின் கண்ணாடியில் வைப்பர் உள்ளவர்கள் அதையும் மறக்காதீர்கள். வண்டியின் பின்பக்கம்தான் தூசி அதிகம் சேரும். தண்ணீர் பீய்ச்சாமல் அதை ஓட்டவே கூடாது.

மாற்றும்போது பழைய ஜோடியில் டிரைவர் பக்கத்து பிளேடு ஓரளவு நன்றாக இருந்தால் எறிந்துவிடாதீர்கள். துடைத்து, துணியில் சுற்றி டிக்கியில் போட்டு வையுங்கள், கூடவே ஒரு துண்டும். இரவில் வழியில் பிளேடு கழன்றுபோனால் அடுத்த ஊர் வரை அது போதும்.